படம் சேராமல் போன பதில்

“அந்தப் போனைக் கொஞ்சம் இப்படிக் குடேன். நானும் இந்த வீட்டுல ஒரு ஆளுதானே? இல்ல, மூலைல கிடக்கற சாமானா?”

சமையலறை வாசலில் கைத்தடியை ஊன்றி நின்றபடி அத்தை கேட்டார். அடுப்பில் பால் பொங்கும் தறுவாயில் இருந்தது. வேலைக்குக் கிளம்பும் நேரம். மருமகளான அவள் ஒரு கையால் அடுப்பைத் தணித்துவிட்டு, மறு கையிலிருந்த போனின் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இருங்க அத்தை. தம்பிக்குக் கப்பல் கம்பெனில இருந்து மெயில் வந்திருக்கு.”

அத்தையின் கோபம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. “என்ன எழுதியிருக்காங்க? அவனை எடுத்துக்கிட்டாங்களா?”

“எடுத்துக்கிட்ட மாதிரிதான். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள சர்டிபிகேட் எல்லாம் அனுப்பணுமாம்.”

தம்பி என்று அவள் சொன்னது கணவரின் தம்பியை. வீட்டில் எல்லோருக்கும் அவன் சின்னவன். ஆற்று முகத்துவாரத்தில் மண் வாரும் கப்பல் ஒன்றில், எஞ்சின் அறையில் எடுபிடி வேலை பார்த்துக்கொண்டிருந்தான். பெரிய சரக்குக் கப்பலில் பயிற்சி எஞ்சினியராக ஏறிவிட வேண்டும் என்பதுதான் அவனுடைய ஒரே கனவு. அவன் இருந்த இடத்தில் சிக்னல் எப்போதாவதுதான் எட்டிப் பார்க்கும். அதனால் தன் மெயிலை அண்ணியின் போனிலும் திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தான்.

கம்பெனி எழுதியிருந்தது கறாராக இருந்தது. இந்த மெயிலுக்கே பதில் அனுப்ப வேண்டும். அதில் மருத்துவச் சான்றிதழையும் படிப்புச் சான்றிதழையும் இணைக்க வேண்டும். கப்பலில் வேலை செய்பவர்களுக்கு அரசு தரும் கடல் பணிப் புத்தகத்தின் எண்ணையும் எழுத வேண்டும். எல்லாம் ஒரே பதிலில் இருக்க வேண்டும். முதலில் வரும் பதிலை மட்டுமே பார்ப்பார்கள்.

சான்றிதழ்களின் படங்கள் போனிலேயே இருந்தன. அவள் பதில் எழுதும் இடத்தைத் திறந்து, மேலே இருந்த கிளிப் குறியை அழுத்தி, இரண்டு படங்களையும் தேடிப் பிடித்துச் சேர்த்தாள். அவை இரண்டு சின்னக் கட்டங்களாகக் கீழே வந்து உட்கார்ந்தன. புத்தக எண் மட்டும்தான் பாக்கி. புத்தகம் சின்னவனிடம் இருந்தது. காலை வேலை முடிந்து மேல்தளத்துக்கு வந்ததும் வீட்டுக்குக் கூப்பிடுவது அவன் வழக்கம். அவள் எழுதியதை அப்படியே விட்டு வெளியே வந்தாள். போன் அதை வரைவாக எடுத்து வைத்துக்கொண்டது.

“அத்தை, போனை வீட்டுலயே வச்சுட்டுப் போறேன். தம்பி கூப்பிட்டா புத்தக நம்பரைக் கேட்டு எழுதி வச்சிருங்க. படமெல்லாம் போட்டாச்சு. நான் இடைவேளைல ஓடி வந்து அனுப்பிடறேன்.”

“நம்பரை அதுலயே எழுதி நான் அனுப்ப மாட்டேனா?”

“வேணாம் அத்தை. நான் வந்துடறேன்.”

அவசரத்தில் சொன்ன பதில். அத்தையின் முகம் சுருங்கியதை அவள் படியிறங்கும்போதுதான் நினைத்துப் பார்த்தாள்.

அந்தச் சுருக்கத்துக்குக் காரணம் இருந்தது. சில மாதங்களுக்கு முன்பு ஒரு காலைப் பொழுதில், துணி மடித்துக்கொண்டிருந்த அத்தை அப்படியே சரிந்தார். பக்கவாதம். உயிர் தப்பியது, பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. வலது கை மட்டும் வரவில்லை. ஒரு காலத்தில் வீட்டையே ஆட்டிப் படைத்த கை, மடியில் கிடந்த கைக்குட்டையைப் போல அசையாமல் கிடந்தது. “இனிமே எதுக்குடி நான்?” என்று சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தார். மருமகள்தான் ஒரு நாள் தன் போனை அந்த மடியில் வைத்து, ஆள்காட்டி விரலைப் பிடித்து ஒவ்வொரு எழுத்தாக அழுத்த வைத்தாள். முதலில் எரிச்சல்பட்ட அத்தை, பிறகு போனைக் கீழேயே வைக்கவில்லை. ஊரிலுள்ள உறவுக்காரர்களுக்கெல்லாம் “நலமா” என்று எழுதினார். அந்த ஒரு சொல்லை எழுதி முடிப்பதற்குள் ஒரு காபி ஆறிவிடும். ஆனால் விரல் அசைந்தது. கைப்பயிற்சி தந்த டாக்டரம்மா, “இந்த ஆசைதான் மருந்து. இதை மட்டும் அணைய விட்டுடாதீங்க” என்று அவளிடம் தனியாகச் சொல்லியிருந்தார்.

அவள் வேலை பார்த்தது ஒரு மருத்துவமனையின் கருவி அறையில். ஆபரேஷன் முடிந்து வரும் கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாவற்றையும் கழுவி, தட்டுகளில் அடுக்கி, துணியில் கட்டி, நீராவிப் பெட்டிக்குள் ஏற்றி இறக்கும் வேலை. ஒரு தட்டில் ஓர் இடுக்கி குறைந்தாலும் மேலே மேஜையில் கிடப்பவரின் உயிரோடு விளையாட்டாகிவிடும். அன்று இடைவேளைக்குச் சற்று முன்பு, எங்கோ கட்டுமான இடத்தில் சாரம் சரிந்து விழுந்து, அடுத்தடுத்து ஆட்களைக் கொண்டு வந்தார்கள். எல்லா ஆபரேஷன் அறைகளும் தட்டு கேட்டன. இடைவேளை என்ற பேச்சுக்கே இடமில்லை. சாயங்காலம் வரை நேரம் இருக்கிறதே என்று மனசைத் தேற்றிக்கொண்டு வேலையைப் பார்த்தாள்.

ஷிப்ட் முடிந்து மூச்சு வாங்க வீட்டுக்குள் நுழைந்தபோது, அத்தை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பல மாதங்களாகப் பார்க்காத முகம் அது.

“நீ ஓடி வர வேண்டிய அவசியமே இல்லாமப் பண்ணிட்டேன். சின்னவன் நம்பர் சொன்னான். நானே எழுதி அனுப்பிட்டேன். இந்த விரலாலதான்.” வலது கையை உயர்த்திக் காட்டினார். அது நடுங்கிக்கொண்டே, கண்ணுக்கு நேராக வரைக்கும் உயர்ந்தது. அவ்வளவு உயரம் அதற்குமுன் அது போனதில்லை.

அவள் சிரித்தபடி போனை வாங்கினாள். வாங்கிப் பார்த்ததும் சிரிப்பு உறைந்தது.

அனுப்பிய பதிலில் எண் மட்டும்தான் இருந்தது. படங்கள் இல்லை. அத்தை, காத்திருந்த வரைவைத் திறக்காமல், கம்பெனியின் மெயிலைத் திறந்து புதிதாக ஒரு பதில் எழுதி அனுப்பியிருந்தார். காலையில் சேர்த்த படங்கள் தாமாகவே அதோடு போய்விடும் என்று நினைத்திருக்கிறார். கம்பெனியின் மறுமொழியும் வந்துவிட்டது. ஆவணங்கள் இணைக்கப்படவில்லை, இடம் அடுத்தவருக்குக் கொடுக்கப்படுகிறது.

“துணி எடுத்துட்டு வந்துடறேன் அத்தை” என்று சொல்லிவிட்டு மொட்டை மாடிக்கு ஓடினாள். கொடியில் காய்ந்த போர்வைகளுக்கு நடுவே நின்றுகொண்டு கம்பெனிக்குப் போன் செய்தாள். எடுத்த பெண்ணிடம் கெஞ்சினாள். இதோ இப்போதே அனுப்புகிறேன் என்றாள். அந்தப் பெண்ணின் குரலில் இரக்கம் இருந்தது. ஆனால் பதில் மாறவில்லை. “முதல் பதிலைத்தான் எடுத்துக்குவோம்மா. அடுத்தவருக்குக் கடிதமே போயிடுச்சு.”

அவள் போர்வையில் முகத்தைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். கீழே அத்தை நிமிர்ந்து உட்கார்ந்திருந்த அந்த நாற்காலி கண்ணுக்குள்ளேயே நின்றது. உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? பெற்ற பிள்ளையின் வாழ்க்கையைத் தன் விரலே கெடுத்தது என்று தெரிந்தால், அந்த விரல் இன்னொரு முறை எழும்புமா? மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டால்?

போனில் அந்த வரைவு இன்னும் இருந்தது. இரண்டு சின்னக் கட்டங்கள். காலையில் அவள் தன் வேலையை ஒழுங்காகச் செய்தாள் என்பதற்கு இருந்த ஒரே சாட்சி. சின்னவனும் தன் போனில் இதைப் பார்க்கக்கூடும் என்று தோன்றியது. அவள் அதை அழித்துவிட்டுக் கீழே இறங்கினாள்.

“அத்தை… தம்பிக்கு அந்த இடம் கிடைக்கல. படம் போய்ச் சேரலையாம்.”

“படம் சேரலையா? நீதானே காலைல போட்டேன்னு சொன்ன?”

“போட்டேன்னுதான் நினைச்சேன். அவசரத்துல சரியா ஏத்தாம விட்டுட்டேன் போல. நீங்க சரியாத்தான் அனுப்பியிருக்கீங்க. தப்பு என்னோடதுதான்.”

அத்தையின் உதடு கோணியது. “ஒத்தை விரலை வச்சுக்கிட்டு நான் பாடுபட்டு எழுதி அனுப்பினேனே… ரெண்டு கையும் நல்லா இருக்கறவ நீ, ரெண்டு படத்தைப் போட மறந்துட்டேன்னு வந்து நிக்கறியே. என் பிள்ளை தலைல மண்ணை அள்ளிப் போட்டுட்டியேடி…”

சின்னவன் மறுநாள் கூப்பிட்டான். அதற்குள் கம்பெனியின் மறுமொழியையும் படித்து, அம்மாவிடமும் பேசியிருந்தான். வழக்கமாக “அண்ணி, என்ன சமையல்?” என்று தொடங்குகிறவன், அன்று எடுத்த எடுப்பிலேயே கேட்டான்.

“அண்ணி, ஒண்ணு கேக்கறேன். மறந்துட்டீங்களா, இல்ல மறக்கணும்னு நினைச்சீங்களா?”

“என்ன தம்பி இப்படிக் கேக்கற?”

“போன வாரம் நீங்கதானே சொன்னீங்க, அம்மா உடம்பு தேறற வரைக்கும் கொஞ்ச நாள் கழிச்சுப் போகக் கூடாதான்னு? உங்களால ஒத்தை ஆளா சமாளிக்க முடியல. நான் போகக் கூடாதுன்னு இருந்திருக்கு. நேராச் சொல்லியிருந்தா நானே இருந்திருப்பேனே அண்ணி…”

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். அவன் பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு திரிந்த வயதில் இந்த வீட்டுக்கு வாழ வந்தவள் அவள். மாமனார் திடீரென்று போய்ச் சேர்ந்த அந்த வருஷம், நர்ஸ் படிப்புக்குக் கிடைத்திருந்த இடத்தை விட்டுவிட்டுக் கருவி அறை வேலையில் சேர்ந்தாள். ஒருவராவது படிக்க வேண்டும், அது சின்னவனாக இருக்கட்டும் என்று அவளாகவே சொன்னாள். அவனுக்கு ஜுரம் வந்தால் அவள்தான் கண் விழித்தாள். அவன் கேட்ட கேள்விக்கு அவளிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அதை அவள் அழித்துவிட்டிருந்தாள்.

“மறந்துட்டேன் தம்பி. வேற ஒண்ணும் இல்ல.”

அவன் போனை வைத்துவிட்டான். தன் மெயிலையும் அவள் போனிலிருந்து எடுத்துவிட்டான். மண் வாரும் வேலைக்கு இடையே விடுப்பு கிடைத்தாலும் வீட்டுக்கு வரவில்லை. படகுத்துறை அருகிலேயே ஓர் அறை எடுத்துத் தங்கிக்கொண்டான். அம்மாவிடம் மட்டும் பேசினான்.

பஸ் டிரைவரான அவள் கணவர் நல்ல மனிதர்தான். ஆனால் அவர் வாயில் ஒரு சேதி தங்காது. டிப்போவில் இறங்கும் முன்பே பாதிப் பயணிகளுக்குத் தெரிந்துவிடும். அவரிடமும் அவள் சொல்லவில்லை. “நீ போய் எப்படி மறந்த?” என்று அவர் ஒரு தடவை கேட்டார். அவள் தட்டைக் கழுவிக்கொண்டே நின்றாள். அவர் மறுபடி கேட்கவில்லை.

அதன் பிறகு வீட்டில் எது தப்பினாலும் அத்தைக்கு ஒரே பேச்சுதான். சாப்பாட்டில் உப்பு குறைந்தால், “படம் போட மறந்த மாதிரி உப்பையும் மறந்தாச்சா?” ஜன்னலைச் சாத்தாமல் விட்டால், “அவ ஞாபகம்தான் உலகத்துக்கே தெரிஞ்சதாச்சே.” மாடி வீட்டு டீச்சர் நலம் விசாரிக்க வந்தால் அவரிடமும் சொல்வார். எதிர் வீட்டுத் தையல்காரம்மாவிடமும் சொல்வார். வேலையிடத்தில் ஒரு தட்டைக்கூட குறையோடு வெளியே விடாதவள் என்று பெயர் எடுத்தவள், வீட்டில் மறதிக்காரி என்று பெயர் வாங்கினாள்.

ஒரு நாள் பொறுக்க முடியவில்லை. டீச்சரிடம் அத்தை சொல்லிக்கொண்டிருந்தார். “மறதியோ என்னவோ… அவ மனசுல என்ன இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?”

அவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்துக்குள் வாய்விட்டு அழுதாள். இன்றே சொல்லிவிடுவது என்று தீர்மானித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். டீச்சர் போய்விட்டிருந்தார். அத்தை கட்டிலில் உட்கார்ந்து, தன் சட்டையின் பித்தானை வலது கையால் மாட்டிக்கொண்டிருந்தார். வழுக்கியது, மறுபடி பிடித்தார், மறுபடி வழுக்கியது. கடைசியில் பித்தான் ஓட்டைக்குள் நுழைந்தது. அத்தை யாருக்கும் தெரியாமல் தனக்குள் சிரித்துக்கொண்டார்.

அவள் சத்தமில்லாமல் சமையலறைக்குப் போய்விட்டாள்.

இப்படியே ஒரு வருஷம் போயிற்று. அத்தையின் கை நன்றாகத் தேறியது. பேனா பிடிக்கும் அளவுக்கு வந்தது. கைப்பயிற்சி டாக்டரம்மா வாராவாரம் ஒரு மெயில் அனுப்புவார். அந்த வாரம் எழுதிப் பழகிய தாளைப் படம் எடுத்து, அந்த மெயிலுக்கே பதிலாக இணைத்து அனுப்ப வேண்டும். படத்தைச் சேர்த்து அனுப்புவது மருமகளின் வேலை. ஒரு காலையில் அத்தை அவளைத் தடுத்தார்.

“படத்தை மட்டும் போட்டு வை. நாலு வரி நானே பொறுமையா எழுதி அனுப்பிக்கறேன். நீ கிளம்பு.”

அவளுக்கு ஒரு கணம் திக்கென்றது. ஆனால் என்ன சொல்லி மறுப்பது? அத்தை பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு தாள்களின் படத்தைச் சேர்த்து, போனை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

பிறகு வீட்டில் நடந்ததை அத்தை சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். எழுதத் தொடங்கும்போது யாரோ தவறான எண்ணில் கூப்பிட்டிருக்கிறார்கள். பேசி முடித்ததும் திரையில் எதையும் காணோம். அத்தை டாக்டரம்மாவின் மெயிலைத் தேடித் திறந்து, பதில் என்ற இடத்தை அழுத்தி, நாலு வரி எழுதி அனுப்பிவிட்டார். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. எழுத்து நன்றாக வந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள்; படம் வரவில்லையே அம்மா?

“பாரு, இவ மறுபடியும் மறந்துட்டா” என்று அத்தையின் வாய் தானாகவே சொல்லிவிட்டது. சொல்லி முடிக்கவில்லை; காலையில் இரண்டு கட்டங்களும் வந்து உட்கார்ந்ததை அவர் தன் கண்ணாலேயே பார்த்திருந்தார். பிறகு அவை எங்கே போயின? அத்தை போனைத் துழாவ ஆரம்பித்தார். திறக்காத கதவையெல்லாம் திறப்பதுபோல ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். கடைசியில் வரைவுகள் என்ற இடத்தில் அந்தப் பதில், இரண்டு படங்களோடு, யாரும் தொடாமல் அப்படியே இருந்தது.

அவள் வேலை முடிந்து வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. அத்தை சாப்பாட்டு மேஜை அருகே உட்கார்ந்திருந்தார். போன் எதிரே கிடந்தது.

“உக்காரு.”

அவள் உட்கார்ந்தாள்.

“அன்னிக்கும் நீ படத்தைப் போட்டுத்தான் வச்சிருந்த. நான்தான் அதை விட்டுட்டு வேற பதில் அனுப்பியிருக்கேன். ஆமாவா, இல்லையா?”

அவள் தலைகுனிந்துகொண்டாள்.

“வாயைத் தொற. ஒரு வருஷம் மூடி வச்சது போதும்.”

“ஆமா அத்தை.”

அத்தை கண்ணை மூடினார். மூடிய இமைகளின் ஓரமாகக் கண்ணீர் இறங்கியது. “ஏன் சொல்லல?”

“அப்பதான் உங்க கை எழும்ப ஆரம்பிச்சுது. அன்னிக்கு நீங்க என்னைப் பார்த்து அதைத் தூக்கிக் காட்டினீங்க. அந்த நேரத்துல எப்படி அத்தை சொல்வேன்?”

“அதுக்காக?” அத்தையின் குரல் உயர்ந்தது. “புருஷன் போன மறுநாளே எழுந்து பிள்ளைங்களுக்கு ஆக்கிப் போட்டவ நான். நான் செஞ்ச தப்பைத் தாங்க மாட்டேன்னு நீயே முடிவு பண்ணிட்டியா? என்னைக் காப்பாத்தினேன்னு நினைச்சுக்கிட்டிருக்க. நீ என்ன செஞ்சிருக்க தெரியுமா? ஒரு வருஷம் என்னை அநியாயக்காரியா ஆக்கி வச்சிருக்க. தெரிஞ்சிருந்தா நாலு நாள் அழுதுட்டு எழுந்திருப்பேன். தெரியாததால தினமும் உன்னை அழ வச்சேன். இதை நான் எங்க கொண்டுபோய்க் கொட்டறது?”

அவள் அத்தையை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை நாளும் உள்ளே கிடந்த ஏதோ ஒன்று நகர்ந்தது.

“நான் சொல்லாதது தப்புன்னே வச்சுக்கங்க. பொய்யும் சொன்னேன், ஒத்துக்கறேன். ஆனா அந்தப் பொய்யை நீங்க எல்லாரும் எப்படி அவ்வளவு சுலபமா நம்பினீங்க?” குரல் உடைந்தது. “இந்த வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து நான் எதை மறந்திருக்கேன் அத்தை? உங்க மாத்திரையை மறந்தேனா? தம்பியோட பரீட்சையை மறந்தேனா? ஒருத்தராவது, இவ அப்படிச் செய்யற ஆள் இல்லையேன்னு ஒரே ஒரு தடவை சொல்லுவீங்கன்னு… நான் காத்துக்கிட்டே இருந்தேன். யாரும் சொல்லல. பழியைக்கூடத் தாங்கிக்கிட்டேன். இதைத்தான் தாங்க முடியல.”

அத்தை எழுந்தார். கைத்தடியை எடுக்கவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டே சுற்றி வந்து, அவள் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டார். வலது கை அவள் முதுகில் பாரமாக விழுந்து, மெல்லத் தடவியது.

“நான் சொல்லியிருக்கணும்டி. முதல் ஆளா நான்தான் சொல்லியிருக்கணும்…”

இருவரும் அழுதார்கள். வேலை முடிந்து வந்த கணவர், கதவைத் திறந்தவர், இருவரையும் பார்த்துவிட்டு என்ன ஏது என்று புரியாமல் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். அத்தை அவரிடம் ஒரு மூச்சில் எல்லாவற்றையும் சொன்னார். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். “நான் இன்னொரு தடவை கேட்டிருக்கணும்” என்றார் கடைசியில். “நீ பேசாம நின்னப்பவே கேட்டிருக்கணும்.”

“டிப்போல எல்லார்கிட்டயும் நான் மறந்துட்டேன்னு சொன்னீங்கள்ல? இதையும் சொல்லுங்க” என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

“நாளைக்குக் காலைல முதல் ட்ரிப்லயே சொல்லிடறேன்.” அவர் அதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை.

அத்தை அன்று சாயங்காலமே மாடிப்படி ஏறினார். வேண்டாம் என்று அவள் எவ்வளவோ தடுத்தும் கேட்கவில்லை. “வாய் வலிக்காமச் சொன்னேன்ல? இப்பக் கால் வலிச்சாப் பரவாயில்ல.” டீச்சர் வீட்டு வாசலில் நின்று, என் மருமகள்மேல் நான் சொன்னது அத்தனையும் தப்பு, தப்பு செய்தது நான் என்று சொன்னார். எதிர் வீட்டுத் தையல்காரம்மாவிடமும் சொன்னார். அவர் வாய்விட்டுச் சொல்லச் சொல்ல, படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அவளுக்குத்தான் கூச்சமாக இருந்தது.

சின்னவன் போனில் கேட்டதையும் அவள் சொல்லக் கேட்டிருந்த அத்தை, மறுநாள் ஒரு தாளை எடுத்து, வலது கையால் சின்னவனுக்கு எழுதினார். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்றன. படம் போட்டது உன் அண்ணி. படம் இல்லாமல் அனுப்பியது நான். எனக்காக அவள் பழி ஏற்றாள். நீ கேட்ட கேள்விக்கு நீயே வந்து பதில் சொல். அந்தத் தாளைப் படம் எடுத்து, சின்னவன் முன்பு அவர்களுக்கு அனுப்பியிருந்த மெயில் ஒன்றைத் திறந்து, பதில் எழுதும் இடத்துக்குப் போனார். அவள் கிட்டே வந்ததும் கையை நீட்டித் தடுத்தார். “நீ சொல்லாத. நானே பண்றேன்.” கிளிப் குறியைத் தேடி அழுத்தி, படத்தைச் சேர்த்து, அது கீழே வந்து நிற்கிறதா என்று கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்து, பிறகுதான் அனுப்பினார்.

பல நாள் பதில் இல்லை. அத்தை போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார்.

ஒரு மதியம் ஷிப்ட் முடிந்து மருத்துவமனையின் பின்வாசல் வழியாக வெளியே வந்தாள். சலவைத் துணி ஏற்றும் வண்டிக்குப் பக்கத்தில், தோளில் பையோடு சின்னவன் நின்றிருந்தான். வெயிலில் கறுத்து இளைத்திருந்தான். நேராக வீட்டுக்குப் போகத் துணிவில்லாமல் இங்கே வந்திருக்கிறான் என்று பார்த்ததுமே புரிந்தது.

“அண்ணி.”

“வா, நடந்துக்கிட்டே பேசலாம்.”

அவன்தான் தொடங்கினான். “அன்னிக்கு நான் ஒரு கேள்வி கேட்டேன்ல…”

“கேட்ட.”

“அதைத் திரும்ப எடுத்துக்க முடியாதா அண்ணி?”

“முடியாது தம்பி. சொன்னது சொன்னதுதான். அது இருந்துட்டுப் போகட்டும். நாளாக ஆக மழுங்கிடும்.”

“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருந்தா அம்மாகிட்ட முன்ன மாதிரி பேசியிருப்பியா? உன் குரல்லயே அவங்க கண்டுபிடிச்சிருப்பாங்க. உனக்கு மறைக்கத் தெரியாது. நான் வளர்த்த பிள்ளைதானே நீ, எனக்குத் தெரியாதா?”

அவன் நடுத்தெருவில் நின்றுவிட்டான். வெந்நீரிலும் மருந்துத் தண்ணீரிலும் ஊறி வெடித்திருந்த அவள் கைகளைப் பிடித்து, அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினான். போகிற வருகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கையை விடுவிக்கவில்லை. அவன் அழுது முடிக்கும்வரை நின்றாள்.

“வேற கப்பல் கம்பெனிக்கு எழுதிப் போட்டிருக்கேன் அண்ணி” என்றான் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “இப்பத்தான் காகிதம் கேட்டிருக்காங்க.”

“இந்தத் தடவை நீயே அனுப்பு.”

அழுத முகத்தோடு அவன் சிரித்துவிட்டான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் சொல்ல வேண்டியது இன்னும் இருந்தது.

“எங்க கருவி அறைல மேற்பார்வைப் பயிற்சிக்கு என்னைக் கூப்பிட்டாங்க. சாயங்கால வகுப்பு. அம்மாவை விட்டுட்டு வர முடியாதுன்னு சொல்லியிருந்தேன். இன்னிக்குப் போய், வரேன்னு சொல்லிட்டேன். யார்கிட்டயும் கேக்கல. நீ கப்பல் ஏறற வரைக்கும் சாயங்காலத்துல வீட்டுல இரு. அதுக்கப்புறம் உங்க அண்ணன் பார்த்துக்கட்டும்.”

“நான் இருக்கேன் அண்ணி.”

வாசல் கதவு திறந்தே இருந்தது. அத்தை மகனைப் பார்த்ததும் தோளில் ஓர் அடி வைத்தார். வலது கையால்தான். வலிக்கும்படியாகவே இருந்தது. பிறகு அவனைக் கட்டிக்கொண்டு அழத் தொடங்கினார். அவள் இருவரையும் கடந்து தன் அறைக்குள் போனாள். வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் கட்டிலில் சாய்ந்தாள். பகல் வெளிச்சத்தில் அவள் படுத்து எத்தனையோ காலமாகியிருந்தது.

சமையலறையிலிருந்து பாத்திரம் விழும் சத்தம் கேட்டது. “சர்க்கரை எங்கம்மா இருக்கு?” என்றான் சின்னவன். “மேல் தட்டுல பாருடா.” “இங்க இல்லையே.” “அப்ப கீழ பாரு. ரெண்டு கண்ணு இருக்கில்ல?” “அண்ணியைக் கேக்கட்டுமா?” “வேணாம். அவளை எழுப்பாத. நம்மளே தேடுவோம்.”

சர்க்கரை ஜன்னல் ஓரத்து நீல டப்பாவில் இருந்தது. சொல்லலாம் என்று அவள் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு, தலையணையைச் சரி செய்து, சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்தாள்.